வெள்ளைச்சாமி கழற்றிய மூடிகள்

எதைக் கையில் வாங்கினாலும் வெள்ளைச்சாமி முதலில் அதில் ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். பால்காரர் ஊற்றிய பால், கடையில் வாங்கிய மண்ணெண்ணெய், தலைக்கு வைக்கும் நல்லெண்ணெய், டீக்கடை டம்ளரின் அடியில் தங்கிய மண்டி, எல்லாவற்றுக்கும் அந்தச் சோதனை உண்டு. தேய்த்த விரல்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொள்வார். நாங்கள் திருவெள்ளறையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்த 1952ஆம் ஆண்டிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடையவளைஞ்சான் தெருவுக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. வந்த புதிதில் அம்மா கொடுத்தனுப்பிய மோர்க்குழம்பையும் அவர் அப்படித் தேய்த்துப் பார்த்தார். அம்மாவுக்கு வந்த கோபத்தை அவர் மனைவி காளியாயிதான் தணித்தார்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. தாலிக் கயித்தையே சாயம் போவுதான்னு தேச்சுப் பாத்துட்டுத்தான் எனக்குக் கட்டுனாரு."

இது பிறவிக் குணம் இல்லை என்பதையும் காளியாயி அத்தைதான் சொன்னார். வெள்ளைச்சாமி இளவயதில் லால்குடிப் பக்கம் ஓர் அரிசி மில்லில் எஞ்சினுக்கு எண்ணெய் விடும் வேலையில் இருந்தார். மில்லுக்குச் சொந்தக்காரர்களான பங்காளிகளுக்குள் சண்டை. யாரோ எண்ணெயில் மணலைக் கலந்துவிட்டார்கள். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் இறுகி நின்றது. எண்ணெய்க் குவளை யார் கையில் இருந்ததோ அவர்மேல் பழி விழுந்தது. அதன் பிறகு அந்த வட்டாரத்தில் எந்த மில்லிலும் அவரை உள்ளே விடவில்லை. கொள்ளிடத்தைத் தாண்டி வந்து, பாலக்கரையில் ரத்தினவேல் முதலாளியின் கடைசல் பட்டறையில் மெஷின்களைத் துடைத்துப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தார். அதற்கப்புறம் கையில் வரும் எதையும் தேய்க்காமல் விட்டதில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். 1961இல் பி.ஏ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தபோது, பட்டறையில் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று வெள்ளைச்சாமி என்னைக் கூட்டிப்போனார். இவர் எதற்காக எனக்கு உதவுகிறார் என்று அப்பாவுக்குச் சந்தேகம். எனக்கும் இருந்தது. சேர்ந்த வாரத்திலேயே காரணம் புரிந்தது. பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம், முதலாளி அறைக்குள் யார் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று மெல்லக் கேட்பார். அவருக்கு ஆபீசுக்குள் ஒரு ஜோடிக் கண் தேவைப்பட்டிருக்கிறது.

பட்டறையில் கடைசலுக்கு நான்கு லேத், துளை போட ஒரு டிரில்லிங் மெஷின். விவசாயிகளின் பம்ப் செட்டுகளுக்கான தண்டுகளும் அரிசி மில் சாமான்களும் அங்கே கடைந்து கொடுக்கப்பட்டன. வெள்ளைச்சாமி கடைசல் வேலை செய்வதில்லை. அவருக்கு மெஷின்கள்தான் வேலை. இரும்புச் சுருள்களை யாரும் கையால் அள்ளக் கூடாது, பிரஷ்ஷால்தான் தள்ள வேண்டும். வாயால் ஊதக் கூடாது. ஊதினால் பொடி இடுக்குகளில் போய் உட்காரும். சாயங்காலம் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சு வேஸ்ட்டால் ஒரு தடவை, காய்ந்த வேஸ்ட்டால் ஒரு தடவை துடைத்து, கடைசியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. சனிக்கிழமை, கடையும் இரும்பின் சூட்டைத் தணிக்க ஊற்றும் சோப்புத் தண்ணீரை வடித்துவிட்டுத் தொட்டியைக் கழுவ வேண்டும். துடைத்த பிறகு அவர் வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை எடுத்து மெஷினின் அடிப்பக்கத்தில் இழுத்துப் பார்ப்பார். துண்டில் கறை தெரிந்தால் அந்த லேத்துக்காரர் வீட்டுக்குப் போக முடியாது. இந்தக் கெடுபிடிக்காக அவரை யாருக்கும் பிடிக்காது. அவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. "எனக்கு மெஷினு சொல்லும், ஆளு சொல்றதை நம்ப மாட்டேன்" என்பார்.

ஒவ்வொரு லேத்தின் தலைப்பகுதியிலும் சுழலும் தண்டைத் தாங்கிப் பிடிக்க இரண்டு வெண்கலப் புஷ்கள் உண்டு. அவற்றின் தலைக்கு மேல் எலுமிச்சம்பழ அளவில் எண்ணெய்க் கிண்ணங்கள். கிண்ணங்களுக்குப் பித்தளை மூடி. காலையில் லேத் ஓட்டும் டர்னர்கள் எண்ணெய் ஊற்றிவிட்டுத்தான் மெஷினை ஓட்ட வேண்டும். ஊற்றாமலே ஊற்றியாச்சு என்கிறார்கள் என்று வெள்ளைச்சாமிக்குச் சந்தேகம். நான் வேலையில் சேர்ந்த சில நாளில் அவர் எல்லா மூடிகளையும் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டி வைத்துவிட்டார். இனி நடந்துபோகும்போதே எந்தக் கிண்ணத்தில் எண்ணெய் இருக்கிறது, எதில் இல்லை என்று தெரிந்துவிடும். முதலாளி இதை மெச்சினார்.

ரத்தினவேல் முதலாளி தெய்வ பக்தி மிகுந்தவர். வெள்ளிக்கிழமை காலையில் மலைக்கோட்டைக்குப் போய் வந்து, பட்டறையில் சூடம் காட்டி, தட்டில் விபூதியோடு ஒவ்வொரு மெஷினாக வருவார். முன்பக்கத்தில் மூன்று விரலால் பட்டையாகப் பூசி, தலைமேல் ஒரு பிடியை வைத்துக் கும்பிடுவார். அன்று முழுக்க அந்த விபூதியின்மேல் அழுக்கு வேஸ்ட் படக் கூடாது. சனிக்கிழமை காலையில் வெள்ளைச்சாமி புதுத் துணியால் துடைப்பார். அதற்குள் பெரும்பாலும் துடைக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

வாசலோரம் இருந்த நான்காவது லேத்துக்கு மட்டும் விபூதி கிடையாது. அது கியாசுதீனுடையது. காஜாபேட்டைக்காரர், பட்டறையில் மூத்த டர்னர். அவர் மெஷினில் விபூதி வைப்பது அவர் மனசைக் கஷ்டப்படுத்தும் என்று முதலாளி தானாகவே ஒதுங்கிக்கொண்டார். வாராவாரம் அங்கே நின்று ஒரே மாதிரிச் சொல்வார்.

"பாய், உங்க மெஷினுக்கு நான் ஒண்ணும் வைக்கல. நீங்களே மேல சொல்லிக்குங்க."

"சொல்லியாச்சு முதலாளி. எப்படி ஓடுது பாருங்க."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

1962 கோடையில் முதல் லேத்தின் தண்டில் ஆட்டம் விழுந்தது. கடைந்த இரும்பில் அலை அலையாகக் கோடு வந்தது. புஷ்ஷைக் கழற்றிப் புதிது போட்டார்கள். பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. புதுப் புஷ் போட்ட மெஷின் மறுபடியும் ஆடத் தொடங்கியது. பம்ப் கடைக்காரர்கள் தண்டுகளைத் திருப்பி அனுப்பினார்கள். முதலாளி வெள்ளைச்சாமியைக் கூப்பிட்டு, நீ துடைக்கிற லட்சணம் இதுதானா என்று கேட்டார். பட்டறைக்கு வந்தபின் வெள்ளைச்சாமி கேட்ட முதல் சுடுசொல் அது. லால்குடி மில்லின் வாசலில் நின்ற அதே ஆளாக அவர் அன்று நின்றார்.

கழற்றிய புஷ்ஷிலிருந்து கறுத்த கூழை வழித்து விரல்களுக்கு நடுவில் தேய்த்தார். நறநறத்தது. யாரோ எதையோ போடுகிறார்கள் என்று முடிவு செய்தார்.

அதற்கப்புறம் அந்த மனிதர் தூங்கினாரா என்பது எனக்குச் சந்தேகம். தினம் காலையிலும் மாலையிலும் எல்லாக் கிண்ணங்களின் எண்ணெயையும் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். எண்ணெய் டின்னை வீட்டுக்குத் தூக்கி வந்தார். என்னைக்கூட, பட்டறைச் சாவியை யாரிடமாவது கொடுத்தாயா என்று கேட்டார். ஒரு மாதக் காவலில் அவருக்கு ஒன்று தெளிவானது. வியாழக்கிழமை வரை எண்ணெய் சுத்தமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையில் நறநறக்கிறது. நடப்பது வெள்ளிக்கிழமைதான்.

அதுவரை அவர் கணக்கில் தப்பில்லை. வெள்ளிக்கிழமை யார் என்ன செய்கிறார் என்று பார்க்கத் தொடங்கினார். கியாசுதீன் மத்தியானம் தொழுகைக்குப் போவார். அவர் திரும்பி வரும் நேரத்தில் மற்றவர்கள் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பட்டறையில் அவர் மட்டும்தான். அது போக, கெடாமல் ஓடும் ஒரே லேத்தும் அவருடையது. அவருடைய மச்சான் அரியமங்கலத்தில் சொந்தமாகப் பட்டறை வைக்கப்போவதாகவும் பேச்சு இருந்தது. மூன்று விஷயங்கள் ஒரு இடத்தைக் காட்டும்போது கல்லூரியில் படித்த எனக்கும் அதை மறுக்கத் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சம்பளத்துக்காக எல்லாரும் கூடியிருந்தபோது வெள்ளைச்சாமி அதைச் சொன்னார்.

"மூணு மெஷினு போவுது. ஒண்ணு மட்டும் போவல. அப்ப யாரைக் கேக்கணும் முதலாளி? போவாத மெஷினுக்காரரைத்தான் கேக்கணும். எப்படி ஓடுது பாருங்கன்னு வாராவாரம் அவர் வாயாலயே சொல்றாரே."

கியாசுதீன் முதலில் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தார்.

"வெள்ளைச்சாமி அண்ணே, நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல."

"பாக்காமலே சொல்றீங்க."

"எல்லாரையும் பக்கத்துல வச்சுக்கிட்டா நீ போடுவ?"

இத்தனை வருஷம் 'நீங்க, வாங்க' என்று பேசியவர் அன்று 'நீ' என்றார். கியாசுதீன் அவரை விட்டுத் திரும்பினார். முதலாளியைப் பார்த்தார். ரத்தினவேல் அவரை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. அவருக்குப் போகச் சொல்ல வராது. "இனிமே தொழுகைக்குப் போயிட்டு, எல்லாரும் சாப்பிட்டு வந்தப்புறம் உள்ள வாங்க பாய். போறப்ப பையைத் திறந்து காட்டிட்டுப் போங்க. தப்பா நினைக்காதீங்க" என்றார்.

திங்கட்கிழமை கியாசுதீன் வரவில்லை. அவர் சொந்தமாக வைத்திருந்த மைக்ரோமீட்டரையும் அளவுக் கருவிகளையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமையே போய்விட்டிருந்தார்.

மெஷினில் மண்ணைப் போட்டவன் என்ற பேச்சு பாலக்கரையில் ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடும். யாரும் அவரைச் சேர்க்கவில்லை. மச்சானும் பட்டறை வைக்கவில்லை. அது வெறும் பேச்சாகவே முடிந்தது. அப்போது ஊருக்குக் கிழக்கே பெரிய தொழிற்சாலை வரும் வேலைகள் நடந்துகொண்டிருந்தன. பழகிய டர்னர்களுக்கு அங்கே நல்ல காலம் என்று எல்லாரும் கைலாசபுரத்துப் பக்கம் போய் வந்தார்கள். வேலை பார்த்த இடத்தில் விசாரிப்பார்கள் என்று கியாசுதீன் அந்தப் பக்கமே போகவில்லை. காஜாபேட்டையில் ஒரு கடையோரத்தில் உட்கார்ந்து பம்ப் ஸ்டவ்வும் சைக்கிளும் ரிப்பேர் செய்யத் தொடங்கினார். கையில் இருந்த தொழிலைத் தவிர அவருக்கு வேறு சொத்து கிடையாது. அந்தத் தொழிலில் அவர் பெயர் கெட்டது. இந்தக் கதையில் பறிபோனது அதுதான்.

நான்காவது லேத்துக்குச் செல்லக்கண்ணு என்கிற டர்னர் வந்தார். அந்த வெள்ளிக்கிழமை விபூதித் தட்டோடு வந்த முதலாளி வாசலோரம் கொஞ்சம் நின்றார். "இனிமே இதுவும் நம்ம மெஷினுதானே" என்று சொல்லி, மற்றவற்றுக்குப் பூசியது போல இதற்கும் பூசி, தலைமேல் ஒரு பிடி வைத்தார்.

மூன்று மாதத்துக்குள் அந்த லேத்தும் ஆடத் தொடங்கியது.

பட்டறையில் இதைப் பற்றிப் பலவிதமாகப் பேசினார்கள். பாய் போகும்போது எதையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றார் ஒருவர். செல்லக்கண்ணுவுக்குக் கை சரியில்லை என்றார் இன்னொருவர். வெள்ளைச்சாமி மட்டும் பேசவில்லை. ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் எல்லாக் கிண்ணங்களுக்கும் பித்தளை மூடிகள் போட்டிருந்தன. காற்றுக்காலம், தூசி பறக்கிறது என்று முதலாளியிடம் சொன்னாராம். அதற்குப் பிறகு எந்தப் புஷ்ஷும் தேயவில்லை. தீபாவளிக்கு முதலாளி அவருக்கு ஒரு சேலம் பட்டுக்கரை வேட்டி கொடுத்து, இந்தப் பட்டறையைக் காப்பாற்றியவர் இவர்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். வெள்ளைச்சாமி குனிந்து வாங்கிக்கொண்டார்.

எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான். மூடி போட்டதும் நின்றுபோகிற மண், யார் போட்ட மண்? மூடியைக் கழற்றியவர் அவர், போட்டவரும் அவர். நடுவில் ஒரு மனிதர் காணாமல் போயிருக்கிறார். கியாசுதீனை வெளியேற்ற இவரே செய்த வேலையோ என்று பல நாள் யோசித்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு வருவேன். அவரிடமிருந்துதான் இப்படிப் பார்க்கக் கற்றுக்கொண்டேனோ என்றும் தோன்றும். படிப்பு எனக்குக் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தது. கேள்விக்கும் சந்தேகத்துக்கும் நடுவில் கோடு எங்கே என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியதும் கேட்டுவிட்டேன்.

"மாமா, அந்த மண்ணை யாரு போட்டது?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாமண்டபம் வந்ததும் இறங்கி நடந்தார். நானும் இறங்கினேன். நடந்துகொண்டே சொன்னார்.

செல்லக்கண்ணுவின் லேத்துக்குப் புதுப் புஷ் போட்ட வாரத்தில், வெள்ளிக்கிழமை முழுக்க அதன் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். வெளியே போன ஆள் இனி போட முடியாது. அப்படியானால் யார் என்று கண்டுபிடித்துவிடுவது என்று. யாரும் கிட்டே வரவில்லை. பெல்ட் ஓட ஓட மெஷினின் தலை அதிர்ந்துகொண்டிருந்தது. முதலாளி வைத்த விபூதி அந்த அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, திறந்த கிண்ணத்தின் விளிம்புக்கு வந்து, உள்ளே விழுவதைப் பார்த்திருக்கிறார்.

"எதையெதையோ தேச்சுப் பாத்திருக்கேன் தம்பி. விபூதியைத் தேச்சுப் பாக்கணும்னு தோணுனதே இல்ல. அன்னைக்குக் கும்பிட்டுட்டுத்தான் எடுத்துத் தேச்சேன். உங்க அத்தை செம்பு விளக்குறது எதால? சாம்பல்தானே. வெங்கலத்தை அது விளக்கோ விளக்குன்னு விளக்கியிருக்கு."

"அப்ப கியாசுதீன் பாய்?"

"அவர் மெஷினுக்குத்தான் விபூதி கிடையாதே."

"முதலாளிகிட்டச் சொல்ல வேண்டாமா?"

"என்னன்னு? உங்க விபூதிதான் உங்க மெஷினைத் தின்னுச்சுன்னா? நீ போய்ச் சொல்லிப் பாரு." கொஞ்சம் நின்று, "மூடியைக் கழட்டுனது யாருன்னு கேப்பாரு. அதுக்கும் நான்தான் வாயைத் திறக்கணும்" என்றார்.

லால்குடி நினைவு அவருக்கு வந்திருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவராகவே காஜாபேட்டைக்குக் கிளம்பினார். தனியாகப் போகப் பயந்து என்னையும் கூப்பிட்டார். கியாசுதீன் ஒரு ஸ்டவ்வைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. வெள்ளைச்சாமி நின்றபடியே நடந்ததை எல்லாம் சொன்னார். மூடியைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார். தப்பு என்னுடையது பாய் என்றார்.

கியாசுதீன் ஸ்டவ்வின் துளையில் ஊசியை விட்டுக் குத்திக்கொண்டே கேட்டார்.

"இதை ஏன் எங்கிட்டச் சொல்றீங்க? நான் செய்யலன்னு எனக்குத்தான் தெரியுமே."

ஊசியை உருவிவிட்டு நிமிர்ந்தார்.

"எங்க நின்னு சொன்னீங்களோ அங்க நின்னு சொல்லுங்கண்ணே. யார் யார் இருந்தாங்களோ அவங்க முன்னால. அப்புறம் இங்க வாங்க. டீ சாப்பிடுவோம்."

"வர்ற வெள்ளிக்கிழமை சொல்லிடறேன் பாய்."

"இன்ஷா அல்லா" என்றார் கியாசுதீன். அவர் குரலில் நம்பிக்கை இருந்ததா, கேலி இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை முதலாளிக்கு மகள் கல்யாணப் பேச்சு. நல்ல காரியம் நடக்கும் நேரத்தில் இதைப் பேசக் கூடாது என்றார் வெள்ளைச்சாமி. பிறகு ஆடி மாதம் வந்தது. பிறகு புது டிரில்லிங் மெஷின் வந்து இறங்கியது. முதல் பூஜையில் போய் விபூதியைப் பற்றிச் சொல்வதா என்றார். ஒவ்வொரு காரணமும் கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. இதற்கிடையில் அவர் பாலக்கரைக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி வேறு தெரு வழியாக நடக்கத் தொடங்கினார். கியாசுதீன் சைக்கிளில் போகும் வழியைத் தவிர்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். நான்காவது லேத்தை மட்டும் தன் கையாலேயே துடைத்தார். செல்லக்கண்ணுவைத் தொட விடவில்லை.

பொறுத்துப் பார்த்துவிட்டு நானே முதலாளியிடம் சொன்னேன். கியாசுதீனுக்காகச் சொன்னேனா, வெள்ளைச்சாமியை மடக்குவதற்காகச் சொன்னேனா என்று இப்போது என்னைக் கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்ல வேண்டும். ரத்தினவேல் கோபப்படவில்லை. நான் பேசி முடிக்கும் வரை கேட்டார். நெற்றியை ஒரு தடவை தொட்டுக்கொண்டார்.

"நீங்க படிச்சவரு, சொல்றீங்க. மெஷினு விஷயம் வெள்ளைச்சாமிக்குத்தான் தெரியும். அவன் சொல்லட்டும். அவன் சொன்னா நானே போய்ப் பாயைக் கூட்டிட்டு வரேன். மாலையே போட்டுக் கூட்டிட்டு வரேன்."

அப்போதே வெள்ளைச்சாமியைக் கூப்பிட்டார். டர்னர்கள் நான்கு பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செல்லக்கண்ணுவைத் தவிர மற்ற மூவரும் அந்தச் சனிக்கிழமை அங்கே இருந்தவர்கள். இதைவிட நல்ல நேரம் இனி வராது. முதலாளி நயமாகவே கேட்டார்.

"தம்பி என்னமோ சொல்றாரு. விபூதி விழுந்துதான் புஷ்ஷு தேஞ்சுதாமே. நீ பாத்தியா?"

வெள்ளைச்சாமி என்னைப் பார்த்தார். பிறகு முதலாளியின் நெற்றியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. தம்பி புஸ்தகத்துல எதையாவது படிச்சிருக்கும்."

"பின்ன யாரு போட்டது?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே முதலாளி."

முதல் தடவை அவர் சொன்னது தெரியாமல். இரண்டாவது தடவை சொன்னது தெரிந்தே. அன்று சாயங்காலம் பஸ்ஸில் நாங்கள் தனித்தனியாக உட்கார்ந்தோம். அதன் பிறகும் அப்படித்தான். ஒரு வருடம் கழித்து எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து நான் பட்டறையை விட்டுவிட்டேன். நான் போகும்வரை மெஷின்கள் பளபளவென்று இருந்தன. திருச்சியிலேயே இவ்வளவு சுத்தமான பட்டறை கிடையாது என்று பம்ப் கடைக்காரர்கள் சொல்வார்கள். அது உண்மை.

அவரைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் ஒரு முடிவுக்கு வருவேன், பிறகு அதை நானே நம்பாமல் போவேன். கோழை என்று சொல்லலாம். ஆனால் காஜாபேட்டையில் அவ்வளவு பேர் போகும் தெருவில் நின்று தப்பு என்னுடையது என்று சொன்னவரும் அவர்தான். முதலாளியின் மேல் இருந்த விசுவாசம் என்று சொல்லலாம். அந்த முதலாளியையும் அவர் முழுசாக நம்பியதில்லை. பழிச்சொல்லோடு வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இன்னொரு தடவை அங்கே போய் நிற்க முடியவில்லையோ என்னவோ. அந்த இடத்தில் வேறு ஒருவர் நின்றுகொண்டிருப்பது அவருக்கு வசதியாக இருந்ததோ என்றும் சில சமயம் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதற்காக என்னை நானே கோபித்துக்கொள்கிறேன்.

1966 ஐப்பசியில் வெள்ளைச்சாமி இறந்துபோனார். காலையில் வேலைக்குக் கிளம்பியவர் மார்வலி என்று வாசலில் உட்கார்ந்தார். அதோடு சரி. மத்தியானத்துக்குள் தெரு நிறைந்துவிட்டது. ரத்தினவேல் முதலாளி பெரிய மாலையோடு வந்து, காளியாயி அத்தையிடம், இப்படி ஒரு ஆள் எனக்கு இனிமே கிடைக்க மாட்டான் என்று அழுதார். பட்டறைக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள்.

கியாசுதீன் சைக்கிளைத் தெருமுனையில் சாய்த்துவிட்டு நடந்து வந்தார். பட்டறை ஆட்கள் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். மரியாதையால் ஒதுங்கினார்களா, பழைய பேச்சை நினைத்து ஒதுங்கினார்களா தெரியவில்லை. முதலாளி அவரைப் பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கியாசுதீன் உள்ளே போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

பாடை கிளம்பிக் கொள்ளிடக் கரைப் பக்கம் திரும்பியது. கூட்டம் போன பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எங்கள்ல அடக்கம் பண்றதுக்கு முன்னாடி எல்லார் முன்னாலயும் கேப்பாங்க தம்பி. இவர்கிட்ட யாருக்காவது பாக்கி இருக்கான்னு. உங்கள்ல கேக்கறதில்லையா?"

"கேக்கறதில்ல பாய்."

அவர் தலையாட்டினார். வீட்டுக்குள்ளிருந்து பெண்களின் அழுகை கேட்டுக்கொண்டிருந்தது.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்றேன்.

கேட்டிருக்கக் கூடாத கேள்விதான். அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே யோசித்துச் சொன்னார்.

"இருக்குன்னு சொல்லியிருப்பேன். அப்படிச் சொன்னா, பக்கத்துல நிக்கிறவங்க மன்னிச்சு விட்டுடுங்கன்னு கேப்பாங்க. அவங்களுக்காக விட்டுடறதுதான் வழக்கம்." சைக்கிளை நோக்கி நடந்தவர் பாதியில் நின்றார். "இங்க யாரும் கேக்கலயே தம்பி. அதனால அது அப்படியேதான் இருக்கு."